பீலியில் அலசிய சட்டை

அண்டார்டிகா பெங்குவின் கொழுப்பில் பூச்சிமருந்து என்று வாசித்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது. தோட்டத்தில் மருந்து டாங்கி சுமந்தவர். முதுகில் ஒட்டிய சட்டையை அம்மா தண்ணீர் கொட்டும் பீலியில் அலசுவார்; வாடை நுரையோடு வடிகானில் இறங்கும். அதோடு போச்சு என்றிருந்தோம்.

போகவில்லையே! சில மருந்துகள் வெப்ப நாட்டில் ஆவியாகி, காற்றோடு போய்க் குளிரில் படிகின்றன. பிறகு கடலில் மீன், சீல் என்று கொழுப்பில் ஏறுகின்றன. அண்டார்டிகாவின் அடேலி பெங்குவினில் டிடிடி பூச்சிமருந்தை 1960களிலேயே கண்டுவிட்டார்கள். அதுபோன்ற இன்னொரு பூச்சிமருந்தான எண்டோசல்பானை இலங்கை 1998இல் தடை செய்தது, இப்படி அழியாமல் நீடிக்கும் நச்சுகளுக்கான உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் அது சேர 2011 ஆனது. அத்தனை வருடத் தாமதம் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் லீக்ஸ் பாத்திக்கு இன்றும் வெறுங்கையால்தான் மருந்து கலக்கிறார்கள். முதலில் அவர்களுக்குக் கையுறை கொடுங்கள்.