ரோமர் 13-ஐ நாலாம் வசனம் வரைக்குமாவது வாசியுங்கள்

தேர்தல் வந்தாலும் சரி, போராட்டம் வந்தாலும் சரி, பிரசங்க பீடத்தில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் வந்துவிடும். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." அதோடு வேதாகமத்தை மூடிவிடுவார்கள். அப்போதெல்லாம் எனக்கு 1985-ஆம் வருடத் தென்னாப்பிரிக்காதான் ஞாபகம் வரும்.

அந்த ஈஸ்டருக்கு அந்நாட்டின் மோரியா என்ற இடத்தில் சீயோன் கிறிஸ்தவ சபையின் கறுப்பின விசுவாசிகள் பெருங்கூட்டமாகக் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஜனாதிபதி போத்தா எடுத்துப் பேசியது இதே ரோமர் 13-ஐத்தான். ஓட்டுரிமையே இல்லாத ஜனங்களிடம், அதைத் தர மறுத்த அரசின் தலைவர்! ஜூலையில் அவசரநிலை அறிவித்தார்கள். செப்டம்பரில், நிறவெறி அரசை விசுவாசத்தின் பேரில் எதிர்த்த கைரோஸ் ஆவணம் வெளிவந்தது. அதை எழுதிய இறையியலாளர்கள் அரசோடு நிறுத்தவில்லை. அநீதியைத் தொடாமல் ஒப்புரவாகுதலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த சபைகளையும் கண்டித்தார்கள்.

எனக்கு அதைவிட வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1948-இல். அதற்கு 91 வருடம் முன்பே, 1857-இல், தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபையின் சினட் (ஆளும் பேரவை) "சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்", அதாவது சேர்ந்து ஆராதிக்க மனமில்லாத வெள்ளையரின் நிமித்தம், என்று சொல்லி, வெள்ளையர் அல்லாத விசுவாசிகளைத் தனியாக ஆராதிக்க வைக்க இடம் கொடுத்தது. 1881-இல் அவர்களுக்கென்று தனிச் சபையே உண்டாக்கினார்கள். நிறவெறியை அரசுக் கொள்கையாக்கிய முதல் பிரதமர் மலான், அந்த டச்சு சபையில் போதகராக இருந்தவர். அரசு சபையைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. ஆனால் அப்படி ஒதுக்கப்பட்ட சபைதான், நிறவெறிக்கு எதிரான பெல்ஹார் விசுவாச அறிக்கையை 1982-இல் எழுதி 1986-இல் ஏற்றுக்கொண்டது. ஒதுக்கியவர்களுக்கும் அதுவே சுவிசேஷம் சொன்னது என்று நம்புகிறேன்.

சரி, அப்படியானால் அரசுக்குக் கீழ்ப்படியவே வேண்டாமா? வரி கட்டுங்கள் என்று அதே அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார், கட்டத்தான் வேண்டும். ஆனால் நாலாம் வசனத்தைப் பாருங்கள்: "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு, அவன் தேவ ஊழியக்காரனாயிருக்கிறான்." ஊழியக்காரன்! நம் போதகர்களுக்குச் சொல்கிற அதே வார்த்தை. காணிக்கைக் கணக்கில் குளறுபடி என்றால் ஊழியக்காரரைக் கேட்கிறோம் இல்லையா? ஆளுகிறவரையும் கேட்கலாம், கேட்கவேண்டும்.

எழுதிய பவுலே கேட்டவர்தான். பிலிப்பி பட்டணத்தில் அவரை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் ரகசியமாக அனுப்பப் பார்த்தார்கள். அவர் கிளம்பவில்லை. அடிக்கச் சொன்ன அதிகாரிகளே நேரில் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். வந்தார்கள்.