தேசத்தின் மானம் பேசப்பட்டபோது மறக்கப்பட்ட படகு

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், கடலோரமாக வாழ்கிற எங்களுக்கு வெளியுறவுச் சிக்கல் என்பது தில்லியில் மட்டும் நடக்கிற சங்கதி அல்ல. நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், பூத்துறை ஆகிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களில் பலர் கேரளத்தின் நீண்டகரையிலும் கொச்சியிலும் தங்கித் தொழில் செய்பவர்கள். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று கருதியதாகச் சொல்லிச் சுட்டது பூத்துறைக்காரர் ஒருவரின் படகை. இறந்த இருவரில் ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்.

யார் சுட்டார், ஏன் சுட்டார், எச்சரிக்கை கொடுத்தாரா என்பவைதான் விசாரிக்கப்பட வேண்டிய கேள்விகள். ஆனால் சில வாரங்களுக்குள் இரு நாட்டு ஊடகங்களும் வழக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டன. எங்கள் ஊர்ச் சாயாக்கடைகளில் மலையாளத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, பெஞ்சில் தமிழ் நாளிதழ் கிடக்கும். இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் நன்றாகவே தெரிந்தது. கேரளத்தில் நூலிழைப் பெரும்பான்மையில் நின்ற உம்மன் சாண்டி அரசுக்கு மார்ச் மாதத்தில் பிறவம் இடைத்தேர்தல் இருந்ததால், அங்கே அது மாநில அரசின் உறுதிக்கான சோதனையாகப் பேசப்பட்டது. தில்லியிலோ, அன்றைய ஆளுங்கட்சியான காங்கிரசின் தலைவர் சோனியா காந்தி பிறந்த நாடு இத்தாலி என்பதே வாதத்தின் மையமாயிற்று. குண்டு துளைத்த படகுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆளில்லை.

இத்தாலியிலும் இதே கதைதான். கைதான இரு வீரர்களும் அங்கே நாட்டின் பிள்ளைகளாகக் கொண்டாடப்பட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நொய்டா அருகே நடந்த கார்ப் பந்தயத்தில் ஃபெராரி நிறுவனம் இத்தாலியக் கடற்படையின் சின்னத்தைத் தன் கார்களில் ஒட்டி ஓட்டியது. இறந்த மீனவர்களின் வீடுகளைப் பற்றி அந்நாட்டு மக்கள் எவ்வளவு கேள்விப்பட்டிருப்பார்கள் என்று எனக்கு இன்றும் ஐயம் உண்டு. 2013-இல் தேர்தலில் வாக்களிக்க இத்தாலிக்குச் சென்ற வீரர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி அறிவித்தது. அந்நாட்டுத் தூதர் இந்தியாவை விட்டு வெளியேறக் கூடாது என்று நமது உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீரர்கள் திரும்பி வந்தார்கள். அதைக் கண்டித்து இத்தாலிய வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். ஒவ்வொரு அடியும் அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சியில் வெற்றியாகவோ அவமானமாகவோதான் காட்டப்பட்டது.

உணர்ச்சி வெளியுறவுக் கொள்கையில் கலக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் எழுந்த கோபம் இல்லாதிருந்தால் அந்தக் கப்பல் கொச்சித் துறைமுகத்தில் நின்றிருக்குமா என்பதே சந்தேகம்தான். பாக் நீரிணையில் நம் மீனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோதெல்லாம் தில்லி ஊடகங்கள் இந்தக் கொதிப்பில் கால்வாசியைக்கூடக் காட்டவில்லையே என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. என் குறை வேறு: வழக்கு தேசத்தின் மானமாகிவிட்டால், விட்டுக்கொடுத்துப் பேசித் தீர்க்க எந்த அமைச்சருக்கும் துணிவு வராது. மரண தண்டனைக்கு இடமளிக்கும் கடல்சார் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவே 2014 வரை இழுபறி நடந்தது.

2020-இல் சர்வதேசத் தீர்ப்பாயம், அந்த வீரர்கள் மீது இந்தியா வழக்கு நடத்த முடியாது, ஆனால் இழப்பீடு பெறலாம் என்றது. 2021 ஜூனில் 10 கோடி ரூபாயைப் பெற்றுக்கொண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது: குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. படகில் உயிர் தப்பிய மற்றவர்கள் தங்களுக்கும் பங்கு கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2022-இல்தான் அவர்களுக்குத் தலா 5 லட்சம் என்று ஆணையானது. அந்தச் செய்திக்கு எந்தத் தொலைக்காட்சியிலும் இரவு விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. அதே ஆண்டு ரோம் நகர நீதிமன்றம் வீரர்கள் மீதான விசாரணையைக் கைவிட்டது. பத்தாண்டுச் சண்டையில், அன்று கடலில் நடந்ததைப் படகில் இருந்தவர்கள் வாயாலேயே முழுமையாகக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன குற்றவியல் நீதிமன்றம் இரு நாடுகளிலும் ஒன்றுகூட இல்லை.