கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

ஒரு இடத்துக்கு பஸ் உண்டா என்று கேட்டால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். உண்டு, போகும், மார்த்தாண்டத்தில் போய் நின்றால் ஏதாவது ஒன்று வரும் என்பார்கள். சரி, திரும்பி வர? அங்கேதான் பேச்சு இழுக்கும். "சாயங்காலம் ஒரு வண்டி உண்டு, ஆனா ஞாயிற்றுக்கிழமை வருமோ என்னமோ."

திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று உறுதியாகத் தெரியாத இடத்துக்கு பஸ் வசதி இருக்கிறது என்று யாரும் சொல்லக்கூடாது. சுற்றுலாத் தலத்துக்கும் சரி, தீம் பார்க்குக்கும் சரி, இதுதான் என் கருத்து.

தீம் பார்க்கை ஊருக்கு வெளியில் கட்டுவது புரிகிறது. ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், நகரத்துக்குள் அந்த விலைக்கு யார் வாங்குவது? கொச்சியில் 2000-ல் வீகாலாந்து தொடங்கியபோதும் (இப்போது அதன் பெயர் வொண்டர்லா) நகரத்துக்கு வெளியே பள்ளிக்கரையில் குன்றின் மேல்தான் வைத்தார்கள். நம்ம பிள்ளைகள் ஸ்கூல் டூரில் அங்கே போய்வந்த கதை இங்கே பல வீடுகளில் உண்டு. டூர் பஸ் வாசலில் இறக்கிவிடும், வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும், அதனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தூரம் ஒரு பொருட்டாகத் தெரியாது. அதே இடத்துக்கு ஒரு குடும்பம் தானாகப் போக நினைத்தால் நாகர்கோவிலில் ரயில் ஏறி, எர்ணாகுளத்தில் இறங்கி, அங்கே பஸ் தேடி, சாயங்காலம் பார்க் அடைக்கும்போது ஒரே நேரத்தில் வெளியே வரும் கூட்டத்தோடு நின்று மறுபடி பஸ் தேட வேண்டும். கார் இருக்கிறவர்களுக்கும் டூர் பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த மாதிரி இடங்கள் எல்லாம் அமைகின்றன. மற்றவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொச்சியை விடுவோம், அது வேறு மாநிலம். கன்னியாகுமரியில் இருக்கும் வாட்டர் தீம் பார்க்கும் பரவாயில்லை, ஊரை ஒட்டியே இருக்கிறது, ஆட்டோ பிடித்தாவது போய்விடலாம். என் ஆதங்கம் எல்லாம் உள்பக்கத்து இடங்களைப் பற்றித்தான். திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை, பேச்சிப்பாறை அணை என்று எல்லாமே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலோ மலையடிவாரத்திலோ இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் ஆயிரக்கணக்கில் இல்லாமல், கூலி வேலைக்குப் போகிற ஒரு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வர நமக்கு இருக்கும் தீம் பார்க் இவைதான்.

கருங்கல் ஊர்ப் பக்கத்தில் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் அக்காமார் சிலரோடு திற்பரப்புக்குப் போயிருந்தோம். வாரம் முழுக்க முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்துப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. கருங்கலில் ஏறி மார்த்தாண்டம், அங்கிருந்து குலசேகரம், அப்புறம் திற்பரப்பு என்று மாறி மாறிப் போனது யாருக்கும் கஷ்டமாகத் தெரியவில்லை, சிரிப்பும் பாட்டும்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால்தான் அந்தப் பயணமே நடந்தது. "காசு குடுத்துப் போகணும்னா வீட்டுல கேட்கணும், இப்ப கேட்கவேண்டியதில்லைல்லா" என்று அதில் ஒரு அக்கா சொன்னார். வேலைக்குப் போக வர என்று நினைத்துக் கொண்டுவந்த சலுகை, வேலைக்கு அப்பாலும் ஒரு பெண்ணை வெளியே கூட்டிவருகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அருவியில் இருந்த நேரம் முழுக்க அவர்களில் ஒருவர்கூட நிம்மதியாகக் குளிக்கவில்லை. ஆளுக்கொரு தடவை மேலே ஏறி வந்து கடைக்காரரிடம் வண்டி நேரம் கேட்டுவிட்டுப் போனார்கள். "நாலரைக்கு ஒண்ணு உண்டு. அதுக்கு அப்புறம் உள்ளது வந்தா வரும் மக்கா, சொல்ல ஒக்காது" என்றார் அவர். நாலரைக்கு முன்பே எல்லாரும் ஸ்டாப்பில் நின்றோம். ஈரத்துணி பாலித்தீன் கவரில், தலை துவட்டியும் துவட்டாமலும், கூட வந்த பிள்ளை ஒன்றுக்குப் பல் தந்தியடிக்கிறது. நிழற்குடைக்குள் நேர அட்டவணை என்று ஒரு எழுத்துகூட இல்லை. அந்த நாலரை வண்டி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க ஆளும் இல்லை. கடைசியில் குலசேகரம் வரைக்கும் ஆட்டோ பிடித்தோம், அதற்கு ஆன காசு அந்த அக்காமாருக்கு அரை நாள் சம்பளம். இனி யாராவது கூப்பிட்டால் வருவார்களா?

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், ஞாயிற்றுக்கிழமை ஆள் ஏறாது, நஷ்டம் என்பது. ஸ்கூல் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் இல்லாத நாள் என்பதால் ட்ரிப்பைக் குறைக்கிறார்கள். அதே நாளில்தான் குடும்பங்கள் வெளியே கிளம்புகின்றன, அதே நாளில்தான் திற்பரப்பில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. இத்தனை ஆட்கள் எதில் வந்தார்கள்? பஸ்ஸை நம்ப முடியாததால் வேறு எதிலாவது வந்தார்கள். நம்பி ஏற முடியாத வண்டியில் ஆள் ஏறவில்லை என்று கணக்குக் காட்டி அதையும் நிறுத்துவது எந்த விதத்தில் நியாயம்?

இன்னொரு பதில், இப்போது எல்லார் வீட்டிலும் பைக் இருக்கிறதே என்பது. இருக்கிறது. அந்த பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று நான்கு பேராகக் குலசேகரம் ரோட்டின் வளைவுகளில் மழை ஈரத்தில் போகிறார்கள், எதிரே ரப்பர் தடி ஏற்றிய லாரி வருகிறது. பார்க்கவே பதறுகிறது. அந்த பைக்கில் பாட்டிக்கு இடம் கிடையாது. மாத்தூர் பாலத்தைப் பேரப்பிள்ளைகளோடு பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் எத்தனையோ கிழவிகள் பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருக்கிறார்கள். 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், பரளியாற்றைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகிற பாலம் அது. 1960-களில் கட்டத் தொடங்கியது, நம்ம விவசாயத்துக்காகக் கட்டியது. அந்தத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டவர்களுக்கு அதைப் போய்ப் பார்க்க வழியில்லை. மாத்தூரையும் திற்பரப்பையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் பஸ்ஸில் திருவட்டாறு, குலசேகரம் என்று ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று காத்திருந்தே பாதி நாள் போய்விடும்.

நமக்கு பஸ் ஓட்டத் தெரியாதா என்ன? 1938-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் ஓட்ட ஆரம்பித்தபோது முதலில் ஓடியதே திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் இந்தச் சாலையில்தான். மாசி மாதம் மண்டைக்காட்டுக் கொடை வந்தால் எங்கிருந்தெல்லாம் ஸ்பெஷல் பஸ் வருகிறது, எத்தனை மணிக்குக் கூட்டம் கலைந்தாலும் வீடு போய்ச் சேர வண்டி நிற்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் அப்படித்தான். கூட்டம் எப்போது வரும், எப்போது கலையும் என்று பார்த்து அதற்கேற்ப வண்டி விடுகிற பழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதில் கொஞ்சத்தை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் கேட்கிறேன், அவ்வளவுதான்.

மார்த்தாண்டத்தில் கிளம்பி சிதறால், திற்பரப்பு, மாத்தூர் என்று சுற்றி மறுபடி மார்த்தாண்டத்துக்கே வரும் ஒரு வண்டி விட்டால் போதும். பெரிய பஸ் வளையாத ரோடு என்றால் மினி பஸ் விடலாம், 2025-ல் புதிய மினி பஸ் திட்டமே வந்திருக்கிறது. கடைசி வண்டி அந்த இடம் அடைத்து அரை மணி நேரம் கழித்துக் கிளம்ப வேண்டும், ஏனென்றால் அங்கே டிக்கெட் கிழிக்கிறவர்களும் பெருக்குகிறவர்களும் அன்னாசிப்பழம் நறுக்கி விற்கிறவர்களும் வீட்டுக்குப் போக வேண்டும். அப்புறம் பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்துவிட்டு அருவியில் குளிக்கத் தடை போடும் நாட்களில் அந்தத் தகவலை மார்த்தாண்டம், குலசேகரம் பஸ் ஸ்டாண்டுகளிலேயே எழுதி வையுங்கள். காரில் வந்தவர் அரை மணி நேரத்தில் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார், மூன்று பஸ் மாறி வந்த குடும்பம் எங்கே போகும்?

இதற்கெல்லாம் பணம் வேண்டும், நாளாகும் என்றால் உடனடியாகச் செய்ய ஒன்று இருக்கிறது. நுழைவுச் சீட்டு அச்சடிக்கிறீர்களே, அதன் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே திரும்பும் வண்டி நேரங்களை அச்சடியுங்கள். அச்சடித்த நேரத்துக்கு வண்டி வரவில்லை என்றால் கேட்க ஒரு போன் நம்பரும் வேண்டும். தனியார் தீம் பார்க் நடத்துகிறவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கலாம். சென்னையில் பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் பார்க்கிறார்கள், நாங்கள் அதைக்கூட இப்போது கேட்கவில்லை, தாளில் நேரம் போட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறோம், அந்த அக்காமாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். திற்பரப்பு, மாத்தூர், சிதறால், பேச்சிப்பாறை, முட்டம், வட்டக்கோட்டை பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் ஸ்டாப்பில் ஞாயிற்றுக்கிழமை கடைசி வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, வராமல் போன நாள் எது என்று கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.