மெடிக்கல் கார்டு எடுங்கள், கிளினிக் அட்டையை விட்டுவிடாதீர்கள்

பினாங்கு ஜி.எச்சில் (அரசாங்கப் பெரிய மருத்துவமனையில்) காலையிலிருந்து நம்பர் பிடித்து உட்கார்ந்து அலுத்துப்போனவர்கள், "இனிமேல் பிரைவேட்தான்" என்று மெடிக்கல் கார்டு (மருத்துவ இன்சூரன்ஸ்) எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் கார்டு வந்ததும் கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) அப்பாயின்ட்மென்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் பெரிய தப்பு.

பெரும்பாலான கார்டுகள் வார்டில் சேர்ந்தால் வரும் செலவுக்குத்தான். இனிப்பு நீருக்கும் (நீரிழிவு) ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் சாப்பிடும் மாத்திரைக்கு அதில் காசு வராது. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டினால் டாக்டரையும் பார்த்து மருந்தும் வாங்கி வரலாம். ஜி.எச் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு 5 ரிங்கிட். அந்த வரிசையை விட்டு எதற்காக வெளியே வர வேண்டும்?

விண்ணப்பப் பாரத்தில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். நோய் பற்றிய கேள்விகளுக்கு ஏஜெண்டே "இல்லை" என்று டிக் போட்டுக்கொண்டே போவார், நாம் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போடுவோம். பிறகு அட்மிட் ஆகும்போது இன்சூரன்ஸ் கம்பெனி பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் கிளினிக்கில் பிரஷர் என்று எழுதியிருந்தால் பில்லைக் கம்பெனி கட்டும் என்று ஆஸ்பத்திரிக்குத் தரும் கேரண்டி லெட்டர் வராது, பாலிசியே ரத்தாகலாம். கையெழுத்து யாருடையதோ பொறுப்பும் அவருடையதே. ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே படியுங்கள். இருக்கும் நோயை எழுதினால் அதை மட்டும் விலக்கியோ, பிரீமியத்தை ஏற்றியோ கொடுப்பார்கள், சில நேரம் மறுப்பார்கள். எப்படியானாலும் நிலவரம் முதலிலேயே தெரிந்துவிடும்.

விபத்தென்றால் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. மற்ற நோய்களுக்கு வழக்கமாக 30 நாள் காத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம், இனிப்பு நீர், இதய நோய், கட்டி, சிறுநீரகக் கல், ஹெர்னியா, மூலம் இவற்றுக்கு 120 நாள். அதனால், வேலை செய்யும் இடத்தில் கொடுத்த கார்டு உள்ளவர்கள் வேலையை விட்ட பிறகு சொந்தக் கார்டு தேடினால் இந்த நோய்களுக்கு நடுவில் நான்கு மாதம் ஓட்டை விழும். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

2024 செப்டம்பரிலிருந்து கோ-பேமென்ட் உள்ள திட்டத்தையும் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும் என்று மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொல்லிவிட்டது. பிரீமியம் குறையும், பில்லில் ஒரு பங்கு நம் தலையில். 5 விழுக்காடு என்றால் 20,000 ரிங்கிட் பில்லுக்கு 1,000 ரிங்கிட் கையிலிருந்து போகும். என் கருத்தில், அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தவர்களுக்கு இதுவே சரி. ஏனென்றால் வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும், அறுபதில் கட்ட முடியாமல் விட்டால் அத்தனை வருடம் கட்டியும் தேவைப்படும் வயதில் கார்டு இருக்காது.

பாலிசி கைக்கு வந்ததும் 15 நாளுக்குள் விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துப் பிரீமியத்தை வாங்கிக்கொள்ளலாம்.