நேரா இலையையே அரைச்சுக் குடுத்தா என்ன?

அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவனுக்கு ஆறு வயது. முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை வின்கிரிஸ்டின் ஊசி. இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்த நேரம், எதிர் வீட்டுப் பெரியம்மா முந்தானையில் ஒரு கட்டு நித்தியகல்யாணி இலையோடு வந்து நின்றார்.

"ஐயா, அந்த ஊசி மருந்தே இதுல இருந்துதான் எடுக்காங்களாம்லா. போன்ல போட்டிருந்தான். அப்போ நேரா இலையையே அரைச்சுக் குடுத்தா என்ன? புள்ளைக்கு ஊசி வலியாவது மிச்சம்லா."

இருந்த பதற்றத்தில் அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டேன். இலைக்கட்டைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் விரட்டியது என் தவறு. இன்றைக்கும் அதே கேள்வி பகிர்வுகளாக வந்துகொண்டே இருக்கிறது, "மருந்து கம்பெனிகள் மறைக்கும் ரகசியம்" என்ற தலைப்போடு. அதனால் அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

1952-இல் ஜமைக்காவில் இருந்த ஒரு மருத்துவர், கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஒரு தபால் உறையில் 25 நித்தியகல்யாணி இலைகளை வைத்து அனுப்பினார். நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்றும் இலங்கையில் பட்டிப்பூ என்றும் சொல்கிற அதே செடிதான். இன்சுலின் கிடைக்காத சமயத்தில் அங்குள்ள மக்கள் இந்த இலையில் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். சர்க்கரை குறையும் என்ற நம்பிக்கை. கிளார்க் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். அவர் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சர்க்கரை அப்போதும் இறங்கவில்லை, ஆனால் சில நாட்களில் எலிகள் செத்துப்போயின. சோதனை தோற்றது என்று மூடிவைக்க அதுவே போதும். அவர்கள் மூடவில்லை. ஏன் செத்தன என்று பார்த்தார்கள். தொற்றுக் கிருமிகள் உடம்பு முழுக்கப் பரவியிருந்தன. எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளை அணுக்கள் படுவேகமாகக் குறைந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வறண்டு போயிருந்தது. வெள்ளை அணுக்களை இப்படி அழிக்கிற பொருள், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற நோய்க்கு உதவுமே என்று யோசித்தார்கள். 1954-இல் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைத் தனியே பிரித்ததை அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி (Eli Lilly) என்ற மருந்து நிறுவனமும் இதே செடியைத் துருவிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்ததுதான் வின்கிரிஸ்டின். 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையை இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய மாதிரி வெட்டிக்கொள்கிறார்கள். "நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்பவர்களுக்கு என் பதில்: மக்கள் சொன்னது சர்க்கரைக்கு. புற்றுநோயைப் பற்றிய குறிப்பு செத்த எலியின் ரத்தத்தில் இருந்துதான் கிடைத்தது. "நாட்டு வைத்தியம் எல்லாம் கட்டுக்கதை" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கஷாயம் குடித்தவர்கள் இல்லையென்றால் அந்தத் தபால் உறை கனடாவுக்குப் போயே இருக்காது. எனக்கு இரண்டு பேருமே மதிப்புக்குரியவர்கள். இவர்களில் யாரை அழித்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னாலும் அது பொய்.

இனி பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கக் காய்ந்த இலை ஏறக்குறைய 2,000 கிலோ வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவை போடுவது சுமார் ஒரு மில்லிகிராம். அதாவது இரண்டு கிலோ காய்ந்த இலையில் இருப்பது. ஒரு கைப்பிடி இலையை அரைத்தால் என்ன கிடைக்கும்? அந்தச் செடியில் இருக்கிற ஆல்கலாய்டுகள் (செடி தானே உருவாக்கும் வீரியமுள்ள வேதிப்பொருள்கள்) மட்டும் நூற்றுக்கு மேல். அத்தனையும் கலந்து, எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் வயிற்றுக்குள் போகும். வேண்டிய ஒன்றோ வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் சரியாகச் சேராது, அதனால்தான் ரத்தக் குழாயில் ஊசி. சிகிச்சையில் ஏற்கெனவே வெள்ளை அணுக்கள் இறங்கிக் கிடக்கிற குழந்தைக்கு இந்தச் சாற்றைக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து!

ஊசியாக வரும் சுத்தமான மருந்தும் லேசுப்பட்டதில்லை. தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். நர்ஸ் அம்மா அதைச் செலுத்துவதற்கு முன்னால் சிரிஞ்சை மெல்லப் பின்னுக்கு இழுத்து, சிவப்பாய் ரத்தம் ஏறி வருகிறதா என்று பார்ப்பார். பாதி போனதும் மறுபடி இழுத்துப் பார்ப்பார். ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். தவறுதலாக முதுகுத் தண்டில் போட்டுவிட்டால் உயிரே போய்விடும்.

செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை ஆளுக்குப் பாதியாக இழுக்க மெல்லிய இழைகள் உருவாகின்றன. அவற்றைக் கட்டும் புரதத்தின் பெயர் டியூபுலின். வின்கிரிஸ்டின் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இழை உருவாகாது, செல் பாதி வழியில் நின்று சாகும். கொடுமை என்னவென்றால் நம் நரம்புகளுக்குள்ளும் அதே இழைகள்தான் ஓடுகின்றன. மூன்றாவது ஊசிக்குப் பிறகு மருமகன் நடக்கும்போது முன்பாதம் தூக்க வராமல் தரையில் பட் பட்டென்று அடித்தது. தாடை வலியில் சோறு மெல்ல முடியவில்லை. மலச்சிக்கலில் இரவெல்லாம் அழுதான். இத்தனையையும் கவனித்து, அளவைக் கூட்டிக் குறைத்து, மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்ததால்தான் அவன் இன்று எட்டாம் வகுப்பு படிக்கிறான். 1960 வாக்கில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

ஒன்றை விடாமல் சொல்ல வேண்டும். இந்தச் செடியின் தாய் மண் மடகாஸ்கர். அந்த நாட்டுக்கு இந்த மருந்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் வானம் பார்த்த பூமியில் இதைப் பயிர் செய்து இலையும் வேரும் காயவைத்து வியாபாரிக்குக் கொடுக்கிறார்கள். அந்த இலை எந்தப் பிள்ளையின் ரத்தக் குழாய்க்குள் போகிறது என்று விதைத்தவருக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. இப்போது இலையே இல்லாமல் செய்யவும் வழி பார்க்கிறார்கள். 2022-இல் ஈஸ்ட்டுக்குள் செடியின் மரபணுக்களைப் புகுத்தி, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு மூலப்பொருள்களையும் அதிலேயே தயாரித்துக் காட்டினார்கள். 2019-இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்து குழந்தைகளின் சிகிச்சை தடுமாறியதை நினைத்தால், இந்த ஆராய்ச்சிக்குக் கொட்டிக் கொடுத்தாலும் தகும்.

போன மாதம் பெரியம்மாவிடம் போய் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு கிலோ காய்ந்த இலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் இந்தச் செடி பயிரிட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்தான்.

"ரெண்டு கிலோவா? அரைச் சாக்கு வருமேய்யா!"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், சர்க்கரைக்கு என்று அவரே இரண்டு மாதமாகத் தினமும் வெறும் வயிற்றில் இந்த இலையை அரைத்துக் குடித்து வருகிறாராம். மாத்திரையும் நிறுத்தவில்லை. டாக்டரிடம் சொல்லவும் இல்லை, திட்டுவார் என்று பயம்.

மறுநாள் காலையில் நானே பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை அட்டையோடு நாலு கொத்து இலையையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருந்தேன். டாக்டர் திட்டவில்லை. இலையை மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டு, "எத்தனை இலை, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்.