இடத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

உலகத் தரவரிசை ஒன்று வெளியானால் போதும், "அந்த நாட்டைவிடக் கீழே போய்விட்டோம்", "ஆறு இடம் முன்னேறிவிட்டோம்" என்று பதிவுகள் குவிந்துவிடும். எந்த நாட்டிலும் இதுதான் நடக்கிறது. இந்த அறிக்கைகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: அவற்றில் இருப்பதிலேயே மிகக் குறைவான தகவல் தரும் எண் அந்த இடம்தான்.

மதிப்பெண் கூடியும் இடம் இறங்கலாம். பக்கத்து நாடு இன்னும் வேகமாகப் போயிருக்கும், அல்லது பட்டியலில் புதிய நாடுகள் சேர்ந்திருக்கும். இதோடு, பழைய ஆண்டுகளின் தரவும் ஒவ்வொரு அறிக்கையிலும் திருத்தப்படுகிறது. ஆகவே போன வருட அறிக்கையையும் இந்த வருட அறிக்கையையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்ப்பது தவறு. புதிய அறிக்கையிலேயே பின்னோக்கித் திருத்திக் கொடுத்திருக்கும் ஆண்டுவாரி அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும்.

மனித மேம்பாட்டுக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 1990-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காகப் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் கொண்டுவந்தது. அமர்த்தியா சென்னின் சிந்தனையும் அதில் இருக்கிறது. இதன் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். சராசரி ஆயுளில் 20-ஐக் கழித்து 65-ஆல் வகுக்க வேண்டும். கல்விக்கு இரண்டு எண்கள்: இன்று பள்ளியில் சேரும் குழந்தை எத்தனை ஆண்டு படிக்கும் என்ற எதிர்பார்ப்பை 18-ஆலும், 25 வயதைக் கடந்தவர்கள் சராசரியாகப் படித்த ஆண்டுகளை 15-ஆலும் வகுத்து, இரண்டுக்கும் சராசரி. வாங்கும் திறன் அடிப்படையிலான தலா வருமானத்தை 100 டாலரிலிருந்து 75,000 டாலர் வரை மடக்கை அளவில், அதாவது ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரே அளவு ஏற்றம் கிடைக்கும்படி, வைக்கிறார்கள். கடைசியில் மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுக்க வேண்டும்.

ஆயுள் 70, கல்வி 12.6 மற்றும் 7.5 ஆண்டுகள், வருமானம் 8,000 டாலர் என்று ஒரு நாடு இருந்தால் மூன்றும் 0.769, 0.6, 0.662. விடை சுமார் 0.67. இங்கே இழுத்துப் பிடிப்பது அந்த 7.5 ஆண்டுதான். 25 வயதைக் கடந்த அவர்கள் பள்ளியை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன; இன்று எவ்வளவு நல்ல பள்ளிகளைக் கட்டினாலும் அந்த எண் மெல்லத்தான் நகரும். ஒரே ஆண்டு ஏற்றத்துக்கு ஓர் அரசு பெருமை கோருவதும், ஒரே ஆண்டு சறுக்கலுக்கு அதைத் திட்டுவதும் பெரும்பாலும் பொருளற்றவை என்பது இதனால்தான். வருமானமோ 1,000 டாலரிலிருந்து 2,000 ஆனாலும், 20,000 டாலரிலிருந்து 40,000 ஆனாலும் வருமானத்துக்கான எண்ணில் கூடுவது அதே 0.105 தான். 75,000-க்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் கூடுதல் மதிப்பெண் கிடையாது. இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தலா ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்த எண்ணில், இன்னும் கவனம் வேண்டும். 2015-ல் அயர்லாந்தின் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் கணக்கில் அங்கே மாற்றியதுதான் முக்கியக் காரணம். அயர்லாந்து மக்களின் கைக்கு அந்தப் பணம் வரவில்லை. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே 2017 முதல் இதையெல்லாம் கழித்த தனி வருமான அளவு ஒன்றை வெளியிடுகிறது. லக்சம்பர்க்கில் வேறு சிக்கல்: வேலை செய்பவர்களில் பெரும் பங்கினர் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். அவர்கள் உழைப்பு மேலே கூட்டப்படுகிறது, தலைகள் கீழே எண்ணப்படுவதில்லை.

நைஜீரியா 2014 ஏப்ரலில் அடிப்படை ஆண்டை (விலைகளையும் துறைகளின் எடையையும் எந்த ஆண்டிலிருந்து எடுப்பது என்பதை) 1990-லிருந்து 2010-க்கு மாற்றியபோது ஜிடிபி 89 சதவீதம் கூடியது. தொலைத்தொடர்பும் திரைத்துறையும் அதுவரை சரியாகக் கணக்கில் வரவில்லை. ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவை முந்தியது. யாருடைய சம்பளமும் அன்று உயரவில்லை.

வேலையின்மை விகிதம் இன்னும் ஏமாற்றும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்தாலே அவர் வேலையில் இருப்பவர். வேலையில்லாதோருக்கு உதவித்தொகை இல்லாத ஏழை நாட்டில் சும்மா இருக்க யாருக்கும் வசதியில்லை. கிடைத்ததைச் செய்வார்கள், விகிதம் குறைவாகத் தெரியும். ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீட்டிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. சில நாடுகள் வீட்டுச் செலவை வைத்தும் சில நாடுகள் வருமானத்தை வைத்தும் கணக்கிடுகின்றன. பணக்காரர் வருமானத்தில் பெரும் பங்கைச் சேமிப்பதால் செலவுக் கணக்கில் ஏற்றத்தாழ்வு குறைவாகவே தெரியும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு "நாங்கள்தான் அதிக சமத்துவம்" என்று சொல்வது நேர்மையல்ல.

பேறுகால இறப்பு விகிதத்தைப் பார்க்கும்போது அது பதிவேட்டிலிருந்து எண்ணியதா, கணித மாதிரி வைத்து மதிப்பிட்டதா என்று பாருங்கள். மதிப்பீடு என்றால் பக்கத்திலேயே கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொடுத்திருப்பார்கள். இரண்டு நாடுகளின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் யார் முன்னால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒப்பிடுவது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கா தன் ஜிடிபியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான கோஸ்டாரிகா செலவிடும் விகிதம் அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் அங்கே சராசரி ஆயுள் அமெரிக்காவைவிட அதிகம். இந்த வித்தியாசத்தைத் தோண்டினால் உருப்படியான விஷயங்கள் கிடைக்கும். 1990-களின் நடுவிலிருந்து கோஸ்டாரிகாவில் ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒரு குழு என்று அடிப்படை மருத்துவக் குழுக்களை அமைத்தார்கள்: ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் தடுப்பூசி விவரமும் பார்த்துக் குறித்துவரும் ஒரு சுகாதாரப் பணியாளர். அடுத்த தரவரிசை வரும்போது நாம் விவாதிக்க வேண்டியது இதை: நம் நாட்டில் அப்படி ஒரு குழுவுக்கு எத்தனை பேர், அந்தப் பணியாளர் ஒரு வீட்டுக்கு வருடத்தில் எத்தனை முறை போகிறார்?