ஓரத்தில் எழுதியவர்

ஒரு வாரமாக நியூயார்க் மார்கன் நூலகத்தின் இணையதளமே கதியாகக் கிடக்கிறேன். அங்கிருக்கும் ஒரு சித்திர பைபிளின் எல்லாப் பக்கங்களையும் வலையேற்றி வைத்திருக்கிறார்கள். 'சிலுவைப்போர் பைபிள்' என்று அதற்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை.

1240-களில், அநேகமாகப் பாரிஸில் வரைந்த ஏடு. பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயிக்காகச் செய்தது என்று பலர் கருதுகிறார்கள். செய்து முடித்தபோது அதில் ஒரு எழுத்துகூட இல்லை, முழுக்கப் படம்தான். பழைய ஏற்பாட்டின் இஸ்ரவேல் அரசர் சவுல், எதிரிகளான அம்மோனியரைத் தாக்கும் பக்கத்தில் எல்லோரும் இரும்பு வளையச் சட்டை போட்ட பிரெஞ்சு வீரர்கள். கல்லெறியும் பொறி படத்தின் சட்டத்துக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சிலுவைப்போர்க் காலத்துப் போர்க்களம் மாதிரியே இருக்கிறது. பெயர்க்காரணம் புரிகிறது, சரி.

ஆனால் அதே பக்கத்தின் ஓரங்களைப் பாருங்கள். படத்தைச் சுற்றி லத்தீன், பாரசீகம், எபிரேய எழுத்து என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. லத்தீன் குறிப்புகள் ஏறத்தாழ 1300-ல் இத்தாலியில் எழுதியவை. அப்புறம் ஏடு எப்படியோ போலந்து போய், கிராக்கோவ் ஆயர் கார்டினல் மச்சியெயோவ்ஸ்கி கைக்கு வருகிறது. துருக்கியருக்கு எதிராகப் பாரசீகத்தைத் துணைக்கு இழுக்க, போப் எட்டாம் கிளமெண்ட் துறவிகளைத் தூது அனுப்பிய நேரம் அது. கார்டினல் 1604-ல் இந்த ஏட்டைப் பரிசாகக் கொடுத்தனுப்ப, 1608 ஜனவரியில் இஸ்பஹானில் பாரசீக அரசர் ஷா அப்பாஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு படமும் என்ன கதை என்று அதன் பக்கத்திலேயே பாரசீகத்தில் எழுத வைத்தார் ஷா. தன் முத்திரையையும் குத்தினார்.

தந்தை தாவீதுக்கு எதிராக அப்சலோம் கிளர்ந்தெழும் கதையில் மூன்று தாள்கள் மட்டும் தனியே பிரிந்து போயிருக்கின்றன. இரண்டு பாரிஸில், ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகத்தில். 1615-ல் சொந்த மகனையே கொல்ல வைத்தவர் ஷா. அந்தத் தாள்களை எடுக்கச் சொன்னது அவராக இருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு பக்கம் திறக்க மனம் வரவில்லை.

1722-ல் ஆப்கானியர் இஸ்பஹானைப் பிடித்தபோது ஏடு அரண்மனையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் பிறகு, எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில், ஒரு யூதர் ஓரங்களில் குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

எனக்கு இந்த ஏட்டின் சொந்தக்காரர் என்றால் அவர்தான். ஷாவுக்குப் படங்களை யாராவது விளக்க வேண்டியிருந்தது. இவருக்கு தாவீது யார், சவுல் யார் என்று ஒருவரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதைகள். அவற்றை முன்பின் பார்த்திராத பிரெஞ்சுக் குதிரை வீரர்களின் உருவத்தில் பார்த்தும் அடையாளம் கண்டு, வீட்டில் பேசும் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்.

பிற்பாடு ஏடு கெய்ரோவுக்குப் போய், 1833-ல் லண்டன் ஏலத்துக்கு வந்து, சுமார் 60,000 கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்த தாமஸ் பிலிப்ஸிடம் போனது. 1916-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, நூலகர் பெல் டா கோஸ்டா கிரீன் அதை மார்கனுக்காக வாங்கினார்.

மச்சியெயோவ்ஸ்கி பைபிள், ஷா அப்பாஸ் பைபிள் என்றும் இதைச் சொல்வதுண்டு. கொடுத்த பெரிய மனிதருக்கும் வாங்கிய பெரிய மனிதருக்கும் ஆளுக்கொரு பெயர் கிடைத்துவிட்டது. ஓரத்தில் எழுதியதால் ஏடு கெட்டுவிட்டதே என்று வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். என்னால் அதை ஏற்கவே முடியாது. அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் அப்படி ஒருவர் இந்தப் படங்களின் முன் உட்கார்ந்திருந்தார் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

நூலகத்தின் தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வசதி இருக்கிறது. குதிரைகளையும் வாள்களையும் பார்த்து முடித்ததும், அப்படியே ஓரத்துக்கு நகர்த்திக் கொஞ்ச நேரம் அந்த எபிரேய எழுத்துகளையும் பாருங்கள்.